செயலாராய்ச்சி: தலைமை ஆசிரியர்களுக்குத் திட்டமிடக் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயலாராய்ச்சி என்பது, பள்ளியில் காணும் ஒரு குறையை அங்கே பணிபுரிகிறவர்களே ஆராய்ந்து, ஒரு மாற்றத்தைச் செய்து பார்த்து, அது பலித்ததா என்று அளந்து பார்க்கும் முறை. ஆனால் அரசுப் பள்ளிகளில் செயலாராய்ச்சி என்றாலே, பிப்ரவரி மாதத்தில் அவசர அவசரமாகத் தட்டச்சு செய்து, சுருள்கம்பி போட்டு ஒப்படைக்கும் ஓர் அறிக்கை என்ற நிலை வந்துவிட்டது. தலைப்பு, நோக்கங்கள், கருதுகோள், முன்தேர்வு, பின்தேர்வு, சராசரி, முடிவு என்று எல்லாம் வரிசையாக இருக்கும். பின்தேர்வில் அநேகமாக எல்லாக் குழந்தைகளும் முன்னேறியிருப்பார்கள். அடுத்த ஆண்டு அதே பள்ளியில், அதே வகுப்பில், அதே குறை அப்படியே இருக்கும். ஆசிரியர்கள் மீதோ தலைமை ஆசிரியர்கள் மீதோ இதற்காகப் பழி போடுவது நியாயமில்லை. பயிற்சிகளில் அவர்களுக்குச் சொல்லித் தரப்படுவது பெரும்பாலும் அறிக்கை எழுதும் முறைதான். ஆய்வைத் திட்டமிடுவது எப்படி என்பதற்கு மதிய உணவுக்குப் பிந்தைய அரை மணி நேரம் கிடைத்தால் பெரிது. செயலாராய்ச்சி உருப்படுவதும் வீணாவதும் அந்தத் திட்டமிடலில்தான் முடிவாகிறது என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

இந்த முறை நமக்குப் புதிதல்ல. 1946-இல் உளவியலாளர் கர்ட் லெவின் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். 1950-களில் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் ஸ்டீபன் கோரி இதைப் பள்ளிகளுக்குள் கொண்டுவந்தார். நம் நாட்டில் 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள், அதாவது நாம் 'டயட்' என்று சொல்பவை, தொடங்கப்பட்டபோதே செயலாராய்ச்சியும் அவற்றின் வேலைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. ஆக, அமைப்பு இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள். திட்டமிடும் பழக்கம்தான் பள்ளி வரை வந்து சேரவில்லை.

முதல் சிக்கல் கேள்வியில் தொடங்குகிறது. 'மாணவர் வருகையை மேம்படுத்துதல்' என்று ஒரு தலைமை ஆசிரியர் எழுதிக் கொடுத்தால் அதை வைத்து எதையும் செய்ய முடியாது. அது ஒரு விருப்பம், அவ்வளவுதான். அதைக் கேள்வியாக்க வருகைப் பதிவேடு போதும். ஒரு நடுநிலைப் பள்ளியின் 7-ஆம் வகுப்பில் 32 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வாரம், 30 வேலை நாள், ஆக 960 வருகைப் பதிவு. அதில் 86 இடத்தில் 'வரவில்லை' என்று இருக்கிறது. இந்த 86 என்ற எண்ணும் அதன் சதவீதமும் தனியாக எதையும் சொல்வதில்லை. ஒரு தாளில் குழந்தைகளின் பெயரைக் கீழ்நோக்கியும், திங்கள் முதல் வெள்ளி வரை குறுக்காகவும் எழுதி, வராத நாளுக்கெல்லாம் ஒரு கோடு போட்டால் அரை மணி நேரத்தில் ஓர் உருவம் தெரியும். 86-இல் 51 கோடு ஐந்தே குழந்தைகளிடம் குவிந்திருந்தால், அது அந்த ஐந்து வீடுகளின் பிரச்சினை. கோடுகள் எல்லோரிடமும் பரவி, திங்கட்கிழமையில் மட்டும் 34 இருந்தால் (ஐந்து நாளுக்கும் சமமாகப் பிரிந்தால் நாளுக்கு 17-தான் வர வேண்டும்), அது வார விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பாத பிரச்சினையாக இருக்கலாம், அல்லது திங்கட்கிழமை முதல் பாடவேளையில் நடக்கும் ஏதோ ஒன்றாக இருக்கலாம். வீட்டுப் பிரச்சினைக்குத் தேவை வீட்டுக்குச் சென்று பேசுவது. பாடவேளைப் பிரச்சினைக்குத் தேவை கால அட்டவணையைப் பார்ப்பது. இரண்டுக்கும் சேர்த்துக் 'கலை நிகழ்ச்சிகள் மூலம் வருகையை மேம்படுத்துதல்' என்று ஒரே மருந்தைக் கொடுத்தால் எதுவும் நடக்காது.

இப்போது வருகை கைப்பேசிச் செயலியிலும் பதிவாகிறது. ஆனால் அது மேலே அனுப்புவதற்கான எண்ணாகவே பள்ளியில் பார்க்கப்படுகிறது. அந்தக் கோடு போட்ட தாளை ஒரு முறை கையால் தயாரித்துப் பார்த்த தலைமை ஆசிரியருக்குத் தன் பள்ளியைப் பற்றி வேறு மாதிரிக் கேட்கத் தோன்றும். பயிற்சியின் முதல் நாள் முழுவதையும் இதற்கே கொடுக்கலாம். பயிற்சிக்கு வருகிறவர்கள் தங்கள் பள்ளியின் ஒரு வகுப்புப் பதிவேட்டின் நகலோடு வர வேண்டும் என்று சுற்றறிக்கையிலேயே குறிப்பிட்டுவிடலாம்.

கேள்வி கிடைத்த பிறகு பார்க்க வேண்டியது, காரணம் நம் கைக்குள் இருக்கிறதா என்பது. கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் பெற்றோர் இடம்பெயரும் ஊர்களில், குடும்பத்தோடு போய்விட்ட குழந்தையின் வருகையை வகுப்பறை உத்தியால் கூட்ட முடியாது. ஆசிரியர் பணியிடம் காலியாக இருப்பதும் அப்படியே. அவற்றை மேலதிகாரிகளுக்கு எழுத வேண்டும். செயலாராய்ச்சித் தலைப்பாக்கக் கூடாது. கால அட்டவணை, பாடவேளைப் பங்கீடு, எந்த வகுப்பை எந்த ஆசிரியர் எடுப்பது, நூலக நேரம், காலை வழிபாட்டுக் கூட்டத்தின் நீளம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் என்ன பேசுவது ஆகியவையெல்லாம் தலைமை ஆசிரியரின் கையில் இருப்பவை. வகுப்பாசிரியரின் செயலாராய்ச்சிக்கும் தலைமை ஆசிரியரின் செயலாராய்ச்சிக்கும் வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. ஒரே குறை மூன்று வகுப்புகளில் தொடர்ந்து வந்தால், அதைப் பார்க்கவும் சரிசெய்யவும் கூடிய இடத்தில் இருப்பவர் தலைமை ஆசிரியர் ஒருவர்தான்.

கணக்கிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 'கழித்தலில் பின்தங்கிய மாணவர்கள்' என்பது அடிக்கடி வரும் தலைப்பு. முன்தேர்வில் 10 கணக்கு கொடுத்து, 10-க்கு 4 என்று மதிப்பெண் போட்டு வைத்திருப்பார்கள். அந்த 4-ஐ வைத்து எதுவும் செய்ய முடியாது. விடைத்தாளில் குழந்தை என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 402-இலிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னால் சரியான விடை 224. ஒரு குழந்தை 376 என்று எழுதும். அது ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறது: 8-இலிருந்து 2, 7-இலிருந்து 0, 4-இலிருந்து 1. மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்பதே அதற்குப் பொருட்டில்லை. இன்னொரு குழந்தை 234 என்று எழுதும். அதற்குக் கடன் வாங்கத் தெரியும். நூறிலிருந்து ஒன்றை வாங்கிப் பத்தின் இடத்தை 10 ஆக்கிவிட்டது. அந்தப் பத்தில் ஒன்றை ஒன்றின் இடத்துக்குக் கொடுத்த பிறகு அங்கே மிஞ்சுவது 9 என்பதை மறந்துவிட்டது. இரண்டு விடையும் தவறுதான், இரண்டுக்கும் மதிப்பெண் பூச்சியம்தான். ஆனால் முதல் குழந்தைக்கு இடமதிப்பிலிருந்தே தொடங்க வேண்டும். இரண்டாவது குழந்தைக்குப் பூச்சியத்தைத் தாண்டும் அந்த ஒரு படியை மட்டும் காட்டினால் போதும். இருவரையும் ஒரே குழுவில் உட்காரவைத்து ஒரே பயிற்சியைக் கொடுத்தால், ஒருவருக்குப் புரியாது, மற்றவருக்குச் சலிக்கும்.

ஆகவே முன்தேர்வுத் தாளையே இப்படி அமைக்க வேண்டும்: கடன் தேவைப்படாதவை 2, ஒரே ஒரு முறை கடன் வாங்குபவை 3, நடுவில் பூச்சியம் உள்ளவை 3, வாக்கியக் கணக்கு 2. திருத்தும்போது மதிப்பெண்ணுக்குப் பதில் தவறின் வகையை எழுத வேண்டும். 4-ஆம் வகுப்பு முதல் 7-ஆம் வகுப்பு வரை இதே தாளைக் கொடுத்துப் பார்த்தால், எந்த வகுப்பில் எந்தத் தவறு தங்கிவிட்டது என்பது தலைமை ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். 376 வகைத் தவறு 7-ஆம் வகுப்பிலும் இருந்தால், அங்கே பின்னக் கணக்கு நடத்துவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

அடுத்தது, என்ன செய்யப் போகிறோம் என்பது. திட்டத்தில் 'செயல்வழிக் கற்றல் மூலம்', 'விளையாட்டு முறையில்' என்று எழுதுவது போதாது. யார், எப்போது, எத்தனை நிமிடம், எந்தப் பொருளோடு என்று எழுத வேண்டும். ஈர்க்குச்சிக் கட்டுகளை வைத்துக் கழித்தல் காட்டுவது நல்ல வழி. பத்து குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்டு, பத்துக் கட்டு சேர்த்து ஒரு நூறு. ஆனால் 402 என்ற எண்ணை ஒரு குழு செய்து பார்க்க 402 குச்சி வேண்டும். எட்டுக் குழு என்றால் 3,200-க்கு மேல். இதை முன்கூட்டி எண்ணிப் பார்க்காததால்தான் பல திட்டங்களில், ஆசிரியர் மேசையில் ஒரே ஒரு தொகுப்பை வைத்துச் செய்து காட்ட, குழந்தைகள் வேடிக்கை பார்க்கிறார்கள். 203-இலிருந்து 76-ஐக் கழிப்பது போன்ற சிறிய எண்ணை எடுத்தால் 203 குச்சி போதும், பூச்சியத்தைத் தாண்டும் படியும் அதிலேயே வந்துவிடும். இரண்டு தொகுப்பு செய்து, ஒரு நாளைக்கு இரண்டு குழு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் நான்கு நாளில் எட்டுக் குழுவும் கையால் தொட்டுச் செய்துவிடும். திட்டம் என்பது இந்த அளவுக்கு இறங்கி வர வேண்டும்.

காலத்தையும் இப்படியே கணக்கிட வேண்டும். ஜூன் மாதம் சேர்க்கை, பாடநூல் வழங்கல், மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் 'எமிஸ்' பதிவு என்று போய்விடும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, ஜனவரியில் பொங்கல், அதற்குப் பிறகு பொதுத்தேர்வு வேலைகள். ஒரு சுற்றுச் செயலாராய்ச்சிக்கு உண்மையில் கிடைக்கும் இடம் ஜூலை இரண்டாவது வாரத்திலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை, அதாவது எட்டு வாரம். இரண்டாவது சுற்று அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை. கடலூர், நாகை போன்ற மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழை விடுமுறைகள் இந்தச் சுற்றைக் கடித்துவிடும், அதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். எட்டு வாரம் என்றால் 40 நாள். விடுமுறை, குறுவட்ட விளையாட்டுப் போட்டி, ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் நாள் எல்லாம் கழித்தால் 30 நாள் மிஞ்சும். நாளுக்கு 20 நிமிடம் என்றால் மொத்தம் 10 மணி நேரம். பத்து மணி நேரத்தில் ஒரு தவறைச் சரிசெய்யலாம். 'கணித அடைவுத் திறனை மேம்படுத்த' முடியாது. ஈராசிரியர் பள்ளியில், ஐந்து வகுப்பை இருவர் பார்க்கும் இடத்தில், அந்த 20 நிமிடத்தை யார் எடுப்பார், அப்போது மற்ற நான்கு வகுப்பும் என்ன செய்யும் என்பதும் திட்டத்தில் இருந்தாக வேண்டும். அது இல்லாத திட்டம் மூன்றாவது நாளே நின்றுவிடும்.

சான்று சேர்ப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அதிகம் கெட்டுப்போகும் இடம் இதுதான். முன்தேர்வில் மிகக் குறைவாக வாங்கியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து இரண்டு மாதம் கழித்துத் தேர்வு வைத்தால், எதுவுமே செய்யாவிட்டாலும் அவர்களில் பலருடைய மதிப்பெண் ஓரளவு ஏறும். முதல் தேர்வன்று ஒருவருக்குக் காய்ச்சல் இருந்திருக்கும், இன்னொருவர் கேள்வியைத் தவறாகப் படித்திருப்பார். அந்தத் துரதிர்ஷ்டம் இரண்டாவது முறையும் அதே அளவில் வருவதில்லை. இந்த இயல்பான ஏற்றத்தைத்தான் பல அறிக்கைகள் தங்கள் உத்தியின் வெற்றியாகக் காட்டுகின்றன. அதே வினாத்தாளைத் திரும்பக் கொடுப்பது இன்னொரு கோளாறு. குழந்தைகளுக்கு விடை நினைவிருக்கும். எண்களை மாற்ற வேண்டும், ஆனால் கணக்கின் அமைப்பு மாறக் கூடாது. 402−178 என்பதற்கு இணை 503−246. 510−246 இணையாகாது. பூச்சியம் பத்தின் இடத்திலிருந்து ஒன்றின் இடத்துக்குப் போய்விட்டதால் அது வேறு வகைக் கணக்கு.

பி.எட். பாடத்தில் படித்த உதவி பெறாத கட்டுப்பாட்டுக் குழு, உதவி பெறும் சோதனைக் குழு, இரண்டின் வேறுபாட்டைக் கணக்கிடும் டி-மதிப்பு ஆகியவற்றை 23 பேர் படிக்கும் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம். பதினோரு பேரைப் பன்னிரண்டு பேரோடு ஒப்பிட்டுப் போடும் சூத்திரம் அறிக்கைக்கு அழகு சேர்க்கும், பள்ளிக்கு எதையும் சொல்லாது. தெரிந்தே பாதிக் குழந்தைகளுக்கு உதவியை மறுப்பதும் சரியில்லை. இதற்கு ஓர் எளிய மாற்று உண்டு. இரண்டு பிரிவு இருந்தால் 'அ' பிரிவில் ஜூலையிலும் 'ஆ' பிரிவில் நான்கு வாரம் கழித்து ஆகஸ்டிலும் தொடங்குங்கள். இரண்டிலும் ஒவ்வொரு வெள்ளியும் ஐந்து கணக்கு, ஏழு நிமிடம், அந்த வாரத்துக்கு இரு பிரிவுக்கும் ஒரே தாள். 'அ' பிரிவு ஏறத் தொடங்கும்போது 'ஆ' பிரிவு அப்படியே இருந்து, தன் முறை வந்ததும் அதுவும் ஏறினால், உத்தி வேலை செய்கிறது என்று ஓரளவு நம்பலாம். இரண்டும் சேர்ந்தே ஏறினால் வேறு ஏதோ காரணம் இருக்கிறது. ஒரு குழந்தையும் விடுபடாது. தாள்களை அந்த வகுப்பு ஆசிரியர் திருத்தாமல், பெயரை மடித்து மறைத்து வேறோர் ஆசிரியர் திருத்துவது நல்லது. நம் பிள்ளைகள் தேற வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு, அது திருத்தும் கையிலும் வந்துவிடும்.

இன்னொரு பதிவு மிக முக்கியம்: திட்டமிட்டபடி நடந்ததா என்ற பதிவு. ஒரு நோட்டில் தேதி, நடந்தது அல்லது நடக்கவில்லை, எத்தனை நிமிடம், யார் வரவில்லை என்ற நான்கே பத்திகள் போதும். 30 அமர்வில் 11-தான் நடந்திருக்கிறது என்றால், 'இந்த உத்தி பயன் தரவில்லை' என்று எழுத நமக்கு உரிமை இல்லை. ஏன் 19 அமர்வு நடக்கவில்லை என்பதே அடுத்த சுற்றின் கேள்வி. தலைமை ஆசிரியருக்கு அது இன்னும் பயனுள்ள கேள்வியாகவும் இருக்கும்.

தொடங்கும் முன்பே ஒரு வரி எழுதி வைக்க வேண்டும்: எது நடந்தால் தொடர்வோம், எது நடந்தால் மாற்றுவோம். 'பூச்சியம் தாண்டத் தெரியாத 14 பேரில் நான்காவது வார முடிவில் 7 பேராவது மூன்று கணக்கில் இரண்டைச் சரியாகச் செய்யாவிட்டால் முறையை மாற்றுவோம்' என்பது போல. பிறகு எழுதினால், வந்த முடிவுக்கு ஏற்றபடி இலக்கை வளைத்துவிடுவோம்.

இனி, ஆசிரியர் அறை. தலைமை ஆசிரியர் ஒரு நோட்டோடு வகுப்பின் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தால் அதை ஆய்வு என்று எந்த ஆசிரியரும் நினைக்க மாட்டார், தணிக்கை என்றே நினைப்பார். அந்தச் சந்தேகம் வந்துவிட்டால் கிடைக்கும் எண்கள் எல்லாம் அலங்கரித்த எண்களாகவே இருக்கும். அதனால் கோடு போட்ட வருகைத் தாளையும் தவறு வகைத் தாளையும் ஆசிரியர் கூட்டத்தில் நடுவில் வைத்து, கேள்வியை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். உற்றுநோக்கல் தாளில் ஆசிரியரைப் பற்றிய மதிப்பீடு ஒரு வரி கூட இருக்கக் கூடாது. எத்தனை குழந்தைகள் குச்சியைக் கையில் எடுத்தார்கள், எத்தனை பேர் பக்கத்தில் பார்த்து எழுதினார்கள் என்பது மட்டும் போதும். தலைமை ஆசிரியரும் ஒரு குழுவை எடுத்து நடத்த வேண்டும், அவர் நடத்துவதை மற்றவர் உற்றுநோக்க வேண்டும். அந்தத் தாள்கள் எந்த விளக்கம் கேட்கும் குறிப்பாணைக்கும் பயன்படாது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லி, அதைக் காப்பாற்ற வேண்டும்.

குழந்தைகளுக்கும் இதே மரியாதை வேண்டும். அறிக்கையில் பெயர் வேண்டாம், எண் போதும். 'மெல்லக் கற்போர் குழு' என்று பலகையில் எழுதித் தனியாக உட்காரவைப்பதும், படம் எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போடுவதும் அந்தப் பிள்ளையின் முகத்தில் எப்படி விழும் என்று யோசிக்க வேண்டும். பெற்றோருக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நேரடியாகச் சொல்லலாம். எதற்காகத் தினமும் 20 நிமிடம் இந்தப் பயிற்சி என்று தெரிந்தால் அவர்களே ஈர்க்குச்சி கொண்டுவந்து தருவார்கள்.

கல்வித் துறைக்கும் மாவட்ட நிறுவனங்களுக்கும் கேட்க விரும்புவது சில. தலைமை ஆசிரியர் பயிற்சியை ஜூன் கடைசியில் வையுங்கள், பிப்ரவரியில் வேண்டாம். முடிவில் 40 பக்க அறிக்கைக்குப் பதில், தொடக்கத்தில் ஒரு பக்கத் திட்டம் கேளுங்கள்: கேள்வி, எந்தப் பதிவேட்டிலிருந்து அது வந்தது, என்ன மாற்றம், யார், எத்தனை நிமிடம், எந்தச் சான்று, எப்போது நிறுத்துவது. அந்தப் பக்கத்தை இரண்டு தலைமை ஆசிரியர்கள் ஒருவருடையதை ஒருவர் படித்து, கேள்வி கேட்டு, திருத்தி எழுதவே பயிற்சியின் இரண்டாவது நாள் போகட்டும். வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநர் நான்காவது வாரத்தில் ஒரு முறை பள்ளிக்குப் போய், வெள்ளிக்கிழமைத் தாள்களையும் அமர்வு நோட்டையும் மட்டும் பார்த்துப் பேசட்டும். புகைப்படம் கேட்க வேண்டாம். 'செய்து பார்த்தோம், பலிக்கவில்லை, காரணம் இது' என்று வரும் அறிக்கையையும் பலித்தது என்று வரும் அறிக்கைக்குச் சமமாக ஏற்றுக்கொள்ளுங்கள். அப்படி ஏற்றுக்கொள்ளப்படும் என்று எழுத்து மூலம் சொன்னால், இணையத்திலிருந்து எடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கும் அறிக்கைகள் தாமாகக் குறையும். பலிக்காத அறிக்கைகளை வட்டார அளவில் தொகுத்து அடுத்த ஜூன் பயிற்சியில் பாடமாக வைத்தால், அதே வட்டாரத்தின் வேறு பள்ளிகள் அந்த எட்டு வாரத்தை மறுபடி செலவழிக்க வேண்டியிராது.

இப்படிக்கு,
தலைமை ஆசிரியர் பயிற்சிகளில் ஈடுபட்டுவரும் ஒரு வாசகர்